உங்களுக்குத் தெரியுமா? தலைவர் வீட்டுப் பட்டாளத்துக்காரர்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து திருச்செங்கோட்டுக்கு அடிக்கடி போய்வருகிறவர்களுக்கும் குமாரமங்கலம் என்றால் அந்தப் பக்கம் உள்ள ஓர் ஊர், அல்லது தேர்தல் சுவரொட்டியில் பார்த்த பெயர். அந்த ஊர் ஜமீன் வீட்டுப் பிள்ளை இந்தியத் தரைப்படைக்கே தலைமைத் தளபதியாக இருந்தார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஜான் ஐசனோவர் என்று ஒருவர் இருந்தார். ஜனாதிபதியின் மகன். ராணுவ அதிகாரி, தூதர், வரலாற்றாசிரியர் என மூன்று வாழ்க்கையையும் அவர் ஒருவரே வாழ்ந்தார். நம் நாட்டில் அந்த மூன்றும் சில வீடுகளுக்குள் பங்காகிக் கிடந்தன. அதில் ஒரு வீடு நமக்குப் பக்கத்தில் இருந்தது.

★

1926 டிசம்பரில் சென்னை மாகாண முதலமைச்சராகப் பதவியேற்றபோது குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனுக்கு வயது 37. எந்தக் கட்சியையும் சேராதவராக அமைச்சரவை அமைத்து 1930 வரை நடத்தினார். அரசு வேலைகளில் பல சமூகத்தாருக்கும் பங்கு தந்த வகுப்புவாரி ஆணை உண்மையில் செயலுக்கு வந்தது அவர் ஆட்சியில்தான். அதைச் செய்து காட்டியவர் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார். சுப்பராயன் பிறகு காங்கிரசில் சேர்ந்தார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் பொறுப்பு.

★

அவருடைய மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவின் மகள். 1930-ல் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது இந்தியாவிலிருந்து அழைக்கப்பட்ட இரண்டு பெண்களில் ராதாபாய் ஒருவர். மற்றவர் பேகம் ஷாநவாஸ். 1938-ல் அன்றைய மத்திய மேல்சபைக்குள் உறுப்பினராக நுழைந்த முதல் பெண்ணும் அவரே. திருச்செங்கோட்டுப் பக்கம் இந்த அம்மாளின் பெயரில் ஒரு பள்ளியோ நூலகமோ இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

★

இவர்களின் மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம், 1913-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்துவிட்டு வுல்விச் ராணுவக் கல்லூரிக்குப் போனார். அந்தத் தேர்வில் ஒரு செய்தி இருக்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுக்கவே ஆங்கிலேயர் அஞ்சினார்கள். மலைப் பீரங்கிப் பிரிவுகள் சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெள்ளைக்காரப் படையினரே வைத்திருந்தனர். பீரங்கிப் படைக்கு அதிகாரிகளை உருவாக்கிய வுல்விச் கல்லூரியில் இந்தியர் மிகச் சிலரே பயின்றார்கள். அங்கிருந்து 1933-ல் அதிகாரியாக வெளிவந்தார் குமாரமங்கலம். 1935 ஜனவரியில் பெங்களூரில் இந்தியரைக் கொண்டே முதல் கள பீரங்கிப் படைப்பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் இருந்த முதல் இந்திய அதிகாரிகளில் இவரும் ஒருவர். ஏறக்குறைய 80 ஆண்டுக்காலப் பூட்டு திறந்த இடத்தில் நம் பக்கத்துப் பிள்ளை நின்றிருந்தார்.

★

1941-ல் அந்த வீட்டு நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மூத்தவர் பிரிட்டிஷ் அரசரின் ஆணை பெற்ற ராணுவ அதிகாரி. தம்பி மோகன் குமாரமங்கலம், கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத் தலைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய கம்யூனிஸ்ட். அதே அரசருக்கு எதிராகச் சதி செய்ததாகப் பி. ராமமூர்த்தி முதலான தோழர்களோடு சென்னைச் சதி வழக்கில் சிக்கியிருந்தார். தந்தையோ, இந்தியரைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கியதை எதிர்த்து 1939-ல் பதவி விலகிய காங்கிரஸ் அமைச்சர்களில் ஒருவர். மூவரும் மூன்று திசை. அந்த நாட்களில் அந்த வீட்டுத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

★

1942 மே 27, லிபியப் பாலைவனம். பீர் ஹக்கீம் என்ற இடத்துக்குத் தெற்கே 3-வது இந்திய மோட்டார் பிரிகேட் நிறுத்தப்பட்டிருந்தது. அவர்கள் அங்கு போய்ச் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. விடிந்தும் விடியாத நேரத்தில் இத்தாலியின் அரியத்தே டாங்கிப் படை மொத்தமாக அவர்கள்மேல் ஏறிவந்தது. நம் பீரங்கிகள் மிக அருகிலிருந்து சுட்டு டாங்கிகள் பலவற்றை நொறுக்கின. என்றாலும் எண்ணிக்கை வென்றது, பிரிகேட் சிதறியது. பீர் ஹக்கீமில் காட்டிய தீரத்துக்காகக் குமாரமங்கலத்துக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. படையை நடத்தும் அதிகாரிகளுக்குப் பிரிட்டன் அளித்த மிக உயர்ந்த விருதுகளில் அது ஒன்று. வடஆப்பிரிக்கப் போரில் அவர் எதிரியிடம் பிடிபட்டு இத்தாலிக்குப் போர்க்கைதியாகப் போனார்.

★

இத்தாலியில் அவெர்சா கைதி முகாமில் இருந்த இந்திய அதிகாரிகளில் மூத்தவர் குமாரமங்கலம். முகாமின் அட்ஜுடன்ட் யாஹியா கான் என்ற இளம் அதிகாரி. குவார்ட்டர் மாஸ்டர் டிக்கா கான். ராம்பூரைச் சேர்ந்த சாகிப்சாதா யாக்கூப் கானும் கூட இருந்தார். ரொட்டியைப் பங்கிட்டு, தப்பிக்க வழி தேடி, ஒரே முள்வேலிக்குள் நாட்களைக் கழித்தவர்கள் இவர்கள்.

பிறகு நடந்ததுதான் நெஞ்சை உலுக்குகிறது. 1966 ஜூனில் குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தளபதி ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் தரைப்படைக்குத் தளபதி ஆனவர் யாஹியா கான்! ஒரே முகாமின் மூத்தவரும் அட்ஜுடன்டும் எல்லையின் இரு பக்கமும் இரண்டு பெரும் படைகளுக்குத் தலைவர்கள். 1971 மார்ச்சில் கிழக்கு வங்கத்து மக்கள்மீது படையை ஏவ மறுத்துப் பதவி விலகியவர் யாக்கூப் கான். அந்த இடத்துக்கு வந்து டாக்காவில் படையை ஏவியவர் டிக்கா கான். யாக்கூப் கான் பிறகு பாரிஸ், வாஷிங்டன், மாஸ்கோ நகரங்களில் தூதராக இருந்து வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். ஒரே முகாமில் ஒரே கஞ்சி குடித்தவர்கள். கட்டளை வந்தபோது ஒருவர் மறுத்தார், ஒருவர் நிறைவேற்றினார். எனக்கு யாக்கூப் கான்மேல்தான் மரியாதை.

★

குமாரமங்கலம் அந்த முகாமிலிருந்து தப்பினார். ஊர் மக்கள் மறைத்து வைத்துச் சோறிட்ட காலமும் உண்டு. ஆனால் மறுபடி பிடிபட்டார். இம்முறை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் அடைத்தார்கள். 1944-ல் நேச நாட்டு விமானிகள் சுரங்கம் தோண்டித் தப்பிய பெரும் முயற்சி நடந்ததும் அந்த முகாமில்தான்.

★

அமெரிக்காவுக்கு வருவோம். 1944 ஜூன் 6. பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய அதே நாளில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஜான் ஐசனோவர் பட்டம் பெற்றார். அந்தப் படையெடுப்பின் தலைமைத் தளபதி அவர் தந்தை டுவைட் ஐசனோவர். மகன் பட்டம் வாங்குவதைப் பார்க்கத் தாய் மட்டுமே வந்திருந்தார்.

சில நாளில் ஜான் தந்தையிடம் போனார். கடைநிலை அதிகாரியான அவருக்கு ஒரு சந்தேகம்: தந்தையோடு நடந்துபோகும்போது தன்னைவிடப் பெரியவர், தந்தையைவிடச் சிறியவர் எதிரே வந்து சல்யூட் அடித்தால் தான் திருப்பி அடிக்கலாமா? இங்குள்ள ஒவ்வோர் அதிகாரியும் உனக்கு மேலே, எனக்குக் கீழேதான் என்று தந்தை சொல்லிவிட்டார். மகன் என்று சலுகை இல்லை.

★

ஐசனோவர் தம்பதிக்கு முதலில் பிறந்த மகன் 1921-ல் மூன்று வயதில் ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்துபோனான். அடுத்த ஆண்டு பிறந்தவர் ஜான். அந்த ஒரே மகன் 1952-ல் கொரியப் போருக்குப் புறப்பட்டபோது தந்தை ஜனாதிபதி வேட்பாளர். மகனைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: உயிரோடு எதிரியிடம் பிடிபடக் கூடாது. ஜனாதிபதியின் மகன் கையில் சிக்கினால் எதிரி அதை வைத்து ஒரு நாட்டையே மிரட்டலாம். அப்படி ஒரு நிலை வந்தால் தன் கைத்துப்பாக்கியால் தன்னை முடித்துக்கொள்வதாக ஜான் ஒப்புக்கொண்டார். ஒரு பிள்ளையை ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்த தகப்பன் இன்னொரு பிள்ளையிடம் வாங்கிய வாக்கு இது. குமாரமங்கலத்துக்காகக் காத்திருந்த சுப்பராயன் வீட்டையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறபோது, பதவியில் இருந்தவர்களும் மற்ற பெற்றோரைப்போலவே தவித்த ஒரு காலம் இருந்தது என்பது புரிகிறது.

★

1953 ஜனவரி 20 அன்று ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்ற விழாவில் கொரியாவிலிருந்து வந்த மகனும் நின்றார். வரவழைத்தது தந்தை அல்ல. பதவியிலிருந்து போய்க்கொண்டிருந்த ட்ரூமன். இருவருக்கும் அப்போது முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குக் கசப்பு. இருந்தும் பிள்ளை தகப்பன் பதவியேற்பதைப் பார்க்கட்டும் என்று ட்ரூமன் ஆணையிட்டார். ஜான் விழா முடிந்ததும் மறுபடி கொரியாவுக்கே போனார்.

★

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2008-ல், 86 வயதில், ஜான் ஐசனோவர் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைகள் போர்முனையில் இருக்கக் கூடாது என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் தன் உயிர் பற்றியது அல்ல. அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் காக்க மற்ற வீரர்கள் பலியாக நேரிடும், ஜனாதிபதியின் முடிவும் தடுமாறும் என்பது. அனுபவித்தவர் சொல் என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தலைவர்கள் வீட்டில் ஒருவரும் சீருடை அணியாத நாட்டில் போர் எளிதாகத் தொடங்கிவிடும் என்ற அச்சம் எனக்கு அதைவிடப் பெரிது.

★

1965 போரில் குடகுக்காரர் பீல்டு மார்ஷல் கரியப்பாவின் மகன் நந்தா கரியப்பா, விமானம் சுடப்பட்டுப் பாகிஸ்தானிடம் கைதியானார். அப்போதைய பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கான் பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் பணிபுரிந்தவர். பழைய பழக்கத்தில், மகனை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினார். கைதிகள் எல்லாரும் என் பிள்ளைகள்தான், அவனுக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டாம் என்று தந்தை மறுத்துவிட்டார். நந்தா மற்றக் கைதிகளோடுதான் திரும்பினார். விமானப்படையில் ஏர் மார்ஷல் வரை உயர்ந்தார். தந்தையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

★

தூதர் பதவிக்கு வருவோம். கரியப்பா ஓய்வுபெற்றபின் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தியாவின் ஹை கமிஷனர். குமாரமங்கலம் வீட்டில் மகன் பட்டாளத்தில் இருக்க, தந்தை சுப்பராயன் 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவில் இந்தியத் தூதர். டச்சுக்காரரிடமிருந்து அந்த நாடு விடுதலை பெற்ற காலம் அது. 1962-ல் மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போதே சுப்பராயன் காலமானார். மகன் தரைப்படைத் தளபதி ஆனதைப் பார்க்க அவர் இல்லை.

★

எகிப்தும் இஸ்ரேலும் 1978-ல் உடன்பாடு கண்ட கேம்ப் டேவிட், அமெரிக்க ஜனாதிபதியின் மலை ஓய்விடம். அந்த டேவிட் யார்? ஜானின் மகன். ஐசனோவரின் தந்தை பெயரும் டேவிட். ரூஸ்வெல்ட் காலத்தில் ஷாங்ரி-லா என்றிருந்ததை 1953-ல் ஐசனோவர் மாற்றினார்.

★

ஜான் 1969-ல் வெளியிட்ட பெரிய நூல் 'தி பிட்டர் வுட்ஸ்'. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் ஜெர்மானியர் மேற்குப் போர்முனையில் நடத்திய கடைசிப் பெருந்தாக்குதலின் வரலாறு. அதே 1969-ல் நிக்சன் அவரை எந்த நாட்டுக்குத் தூதராக அனுப்பினார் தெரியுமா? பெல்ஜியத்துக்கு. தான் எழுதிய போர் நடந்த மண்ணிலேயே 1971 வரை தூதராக இருந்தார். நூல் வெளியான ஆண்டின் மார்ச் மாதத்தில் தந்தை காலமானார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் ஜான் எழுதிக்கொண்டே இருந்தார்: மெக்சிகோப் போர், தளபதி வின்பீல்டு ஸ்காட், முதல் உலகப்போரின் அமெரிக்கப் படை என ஒவ்வொன்றும் ஒரு தடித்த நூல். 2013 டிசம்பரில் 91 வயதில் அவர் மறைந்தபின்னும் ஒன்று வந்தது, தளபதி ஷெர்மன் பற்றி.

★

இந்தியாவில் ஜனாதிபதியின் மகனாக இருந்து வரலாற்றாசிரியரும் வெளியுறவு அதிகாரியுமானவர் சர்வபள்ளி கோபால். 1923-ல் சென்னையில் பிறந்தவர். ஐந்து சகோதரிகளுடன் பிறந்த ஒரே மகன். ஆக்ஸ்போர்டில் ரிப்பன் பிரபுவின் ஆட்சிக்காலத்தை ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 1954 முதல் 1966 வரை வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு இயக்குநர். அதாவது, பழைய வரைபடங்களும் கடிதங்களும்தான் அவர் ஆயுதம்.

1959-ல் சீன எல்லைச் சிக்கல் முற்றியபோது அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். இந்தியா ஆபீஸ் ஆவணங்களைத் துருவிப் பார்த்துத் திரும்பிய அவர், அக்சாய் சின் பகுதியில் இந்தியாவின் உரிமைக்கு வலுவான சான்றுகள் உண்டு என்று நேருவிடம் சொன்னார். 1960-ல் பீகிங், டெல்லி, ரங்கூன் என மூன்று நகரங்களில் இந்திய, சீன அதிகாரிகள் மாதக்கணக்கில் ஆவணங்களை எதிரெதிரே வைத்து வாதிட்டபோது நம் தரப்பில் உட்கார்ந்தவர்களில் கோபாலும் ஒருவர். 1961-ல் வந்த அந்த அறிக்கை இன்றும் எல்லைப் பேச்சில் எடுத்துப் பார்க்கப்படுகிறது. பேச்சு பலிக்கவில்லை, 1962-ல் போர் வந்தது. தந்தை ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியானதும் அதே ஆண்டு.

★

1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையில் நாதுலாவிலும், அக்டோபர் தொடக்கத்தில் சோலாவிலும் சீனப் படையோடு மோதல் வந்தது. நம் வீரர்கள் இம்முறை பின்வாங்கவில்லை. பீரங்கியால் பதில் சொன்னார்கள். அப்போது தரைப்படைத் தளபதி குமாரமங்கலம். பீரங்கிப் படையில் பிறந்து வளர்ந்த அதிகாரி. 1962-ன் காயத்துக்கு நாதுலா ஒரு மருந்து என்று அந்தத் தலைமுறைப் பட்டாளத்துக்காரர்கள் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசரின் ஆணை பெற்ற அதிகாரிகளில் இந்தியத் தரைப்படைக்குத் தலைமையேற்ற கடைசி ஆள் அவர்தான். 1969-ல் ஓய்வு, 1970-ல் பத்ம விபூஷண், 2000-ல் மறைவு. அவரை அடுத்து வந்தவர் மானெக்‌ஷா.

★

பிள்ளை தந்தையின் வாழ்க்கையை எழுதுவது எளிதல்ல. கோபால் நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதிக்கு 1976-ல் சாகித்ய அகாதெமி விருது. அதன் பிறகு 1989-ல் ராதாகிருஷ்ணன் வரலாறு. நாடே ஆசிரியர் தினம் கொண்டாடும் ஒருவரின் குடும்ப வாழ்வில் இருந்த குறைகளை, அம்மாவுக்கு நேர்ந்த வேதனையை, மகனே மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அந்த நூல் நிற்கிறது. நம் ஊரில் தலைவர்களைப் பற்றி எழுதப்படும் நூல்களில் இப்படி ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

★

1957 முதல் 1962 வரை மக்களவையில் திருச்செங்கோடு உறுப்பினர் சுப்பராயன், காங்கிரஸ். கோயம்புத்தூர் உறுப்பினர் பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட். அப்பாவும் மகளும்! அப்பா மத்திய அமைச்சர், மகள் எதிர்வரிசை.

★

ஆட்சிமொழி ஆணையம் 1956-ல் இந்திக்குச் சாதகமாக அறிக்கை தந்தபோது எதிர்ப்புக் குறிப்பு எழுதிய இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் வங்காள மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி. மற்றவர் நம் சுப்பராயன். மகன் மோகன் 1965-ல் மொழிச் சிக்கல் பற்றித் தனி நூல் எழுதினார்.

★

1970 செப்டம்பர் 16 அன்று சேலம் இரும்பாலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு எஃகுத் துறை அமைச்சரானவர் மோகன் குமாரமங்கலம். நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமை ஆக்கியதில் முன்நின்றவர் அவர். 1973 மே 31 அன்று டெல்லி அருகே விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 56. அவர் மகன் ரங்கராஜன் குமாரமங்கலத்தை 1984, 1989, 1991 என மூன்று முறை சேலத்தார் மக்களவைக்கு அனுப்பினார்கள். அன்று அம்மாபேட்டை வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றவர்களில் சிலராவது, தாங்கள் வாக்களித்த இளைஞரின் பெரியப்பா பீர் ஹக்கீமில் டாங்கிகளை எதிர்த்து நின்றவர் என்பதை அறிந்திருப்பார்கள்.